எவ்வளவு தெரிந்தால் போதும்?

கிளென்மார்கனில் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஒரு காகிதத்தை ஈரம்படாமல் காப்பது பெரிய வேலை. ஊட்டிக்கு அப்பால், பைக்காரா பக்கத்தில், மலை சட்டென்று முடிந்து மாயார் சமவெளியை நோக்கிச் சரிகிற விளிம்பில் இருக்கிறது இந்தத் தேயிலைப் பகுதி. இங்கே தேக்கிய தண்ணீர்தான் குழாய் வழியே 900 மீட்டருக்கும் மேல் விழுந்து, கீழே சிங்காராவில் 1932 முதல் மின்சாரம் தருகிறது. மேகம் இந்த விளிம்பில் வந்து முட்டும்போது தேயிலைக் காடும் வீடும் சாலையும் ஒன்றாக நனையும். அப்படி நனைந்த ஓர் எடைச் சீட்டை நாம் கற்பனையாக எடுத்துக்கொள்வோம்.

பச்சைத் தேயிலை 45 மூட்டை லாரியில் ஏறியது. எல்லா மூட்டைக்கும் ஒரே எடை. அதுவும் முழுக் கிலோவில். மொத்த எடை நான்கு இலக்க எண். முதல் இலக்கம் 1 என்றும் மூன்றாவது இலக்கம் 2 என்றும் தெளிவாகத் தெரிகிறது. மற்ற இரண்டு இலக்கங்களும் மையோடு கரைந்துவிட்டன. சீட்டில் மிஞ்சியிருப்பது: 1 ? 2 ?

இரண்டு இலக்கம் போய்விட்டால் நூறு வாய்ப்புகள். 1020 முதல் 1929 வரை எதுவாகவும் இருக்கலாம். ஆனால் 45 என்ற எண் சும்மா இருக்கவில்லை. மொத்த எடை 45ஆல் மீதியின்றி வகுபட வேண்டும் என்றால் 5ஆலும் வகுபட வேண்டும், 9ஆலும் வகுபட வேண்டும். 5ஆல் வகுபட, கடைசி இலக்கம் 0 அல்லது 5. 9ஆல் வகுபட, இலக்கங்களின் கூட்டுத்தொகை 9ஆல் வகுபட வேண்டும். 10, 100, 1000 எதை 9ஆல் வகுத்தாலும் மீதி 1. அதனால் ஓர் எண்ணை 9ஆல் வகுத்தால் என்ன மீதி வருமோ, அதே மீதிதான் அதன் இலக்கங்களைக் கூட்டி வகுத்தாலும் வரும். இதைக் கொண்டு கணக்கைச் சரிபார்க்கும் முறையைப் பத்தாம் நூற்றாண்டில் இரண்டாம் ஆரியபட்டர் தம் மகாசித்தாந்தத்திலேயே சொல்லிவிட்டார்.

கடைசி இலக்கம் 0 என்றால் 1 + ? + 2 + 0 என்பது 9ஆல் வகுபட வேண்டும், அழிந்தது 6. எடை 1620 கிலோ, மூட்டைக்கு 36. கடைசி இலக்கம் 5 என்றால் அழிந்தது 1. எடை 1125 கிலோ, மூட்டைக்கு 25. நூறு வாய்ப்புகள் இரண்டாகச் சுருங்கிவிட்டன. ஆனாலும் இரண்டு என்பது ஒன்றல்ல. சீட்டை வைத்து மட்டும் எடையைச் சொல்ல முடியாது.

இப்போது இரண்டு பேர் வந்து ஆளுக்கு ஒரு செய்தி சொல்கிறார்கள். ஒருவர்: “கடைசி இலக்கம் 5 என்பது எனக்கு நினைவிருக்கிறது.” இன்னொருவர்: “எந்த மூட்டையும் 30 கிலோவைத் தாண்டவில்லை.” கேள்வி இதுதான்: மொத்த எடையைச் சொல்ல யாருடைய செய்தி போதும்? முதல் செய்தி தனியாகவே போதும். இரண்டாவதும் தனியாகவே போதும், ஏனென்றால் 36 கிலோ மூட்டை விழுந்துவிடுகிறது. ஒருவர் இலக்கத்தைப் பற்றிச் சொன்னார், மற்றவர் மூட்டையைப் பற்றிச் சொன்னார். இருவரும் ஒரே இடத்துக்குத்தான் நம்மைக் கொண்டுவந்து விட்டார்கள்.

போட்டித் தேர்வுகளுக்குப் படிப்பவர்களுக்கு இந்தக் கணக்கு வகை நன்றாகத் தெரியும். டேட்டா சஃபிஷியன்சி என்று பயிற்சி வகுப்புகளில் சொல்வார்கள். தரவுப் போதுமை என்று நாம் வைத்துக்கொள்ளலாம். வங்கித் தேர்வு, மேலாண்மைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு, 2011இல் குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வில் சேர்ந்த சிசாட் தாள் எல்லாவற்றிலும் இது வந்திருக்கிறது. ஒரு கேள்வி, இரண்டு கூற்றுகள். முதல் கூற்று மட்டும் போதுமா, இரண்டாவது மட்டும் போதுமா, இரண்டில் எது கிடைத்தாலும் போதுமா, இரண்டும் சேர்ந்தால்தான் போதுமா, சேர்ந்தாலும் போதாதா? விடையை யாரும் கேட்பதில்லை. விடை காணத் தேவையானது கையில் இருக்கிறதா என்பதை மட்டும் கேட்கிறார்கள்.

இதைக் குறுக்குவழிகளின் கூடாரம் என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பள்ளியில் நாம் கற்கும் கணக்குகளில் மிக ஆழமான கேள்வி இதுதான் என்பது என் எண்ணம். அதிலும் இலக்கங்களைப் பற்றிய கணக்குகள் தனி ரகம். அங்கே நம் பள்ளி இயற்கணிதப் பழக்கம் நம்மையே ஏமாற்றும்.

தெரியாதவை இரண்டு என்றால் சமன்பாடுகளும் இரண்டு வேண்டும் என்று ஒன்பதாம் வகுப்பில் படித்தோம். இதோ ஒரு கூற்று: ஓர் ஈரிலக்க எண், தன் இலக்கங்களின் கூட்டுத்தொகையைப் போல் இரண்டு மடங்கு. அந்த எண் எது? பத்தாம் இட இலக்கம் அ, ஒன்றாம் இட இலக்கம் ஆ என்றால் 10அ + ஆ = 2அ + 2ஆ. அதாவது 8அ = ஆ. சமன்பாடு ஒன்றே ஒன்று, தெரியாதவை இரண்டு. பழக்கத்தில் “போதாது” என்று குறித்துவிட்டு நகரத் தோன்றும். ஆனால் ஆ ஓர் இலக்கம். 9ஐத் தாண்ட முடியாது. அ சுழியமாக முடியாது. ஆகவே அ = 1, ஆ = 8. எண் 18. வேறு வழியே இல்லை. ஒரு கூற்றே போதும்.

மடங்கை மாற்றிப் பாருங்கள். மூன்று மடங்கு என்றால் 27 மட்டும். ஐந்து மடங்கு என்றால் 45 மட்டும். ஆறுக்கு 54, எட்டுக்கு 72, ஒன்பதுக்கு 81. ஆனால் நான்கு மடங்கு என்று சொன்னால் 12, 24, 36, 48 என நான்கு எண்கள் வந்து நிற்கின்றன. ஏழு மடங்குக்கு 21, 42, 63, 84. ஒரே வாக்கியம்தான்; நடுவில் ஒரு சொல் மாறினால் போதுமை போய்விடுகிறது. சமன்பாடுகளை எண்ணிப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. சமன்பாட்டோடு, எழுதப்படாத விதிகளும் சேர்ந்து வேலை செய்கின்றன: இலக்கம் முழு எண், 0 முதல் 9 வரை, முன்னிற்கும் இலக்கம் சுழியமல்ல. கேள்வித்தாளில் அச்சாகாத இந்த மூன்றும்தான் பாதிக் கணக்கைப் போடுகின்றன. இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள்: 18ஐத் திருப்பினால் 81, 27ஐத் திருப்பினால் 72, 45ஐத் திருப்பினால் 54. மடங்குகளைக் கூட்டினால் எப்போதும் 11. ஏன் என்று கண்டுபிடிப்பதை உங்களுக்கே விட்டுவிடுகிறேன். ஐந்து நிமிட வேலை.

தன் இலக்கக் கூட்டுத்தொகையால் மீதியின்றி வகுபடும் இந்த எண்களுக்கு ஹர்ஷத் எண்கள் என்று பெயர் வைத்தவர் த. ரா. காப்ரேக்கர். அவரிடம் சற்று நேரத்தில் வருவோம். அதற்கு முன், தேர்வறையில் ஆளைக் கவிழ்க்கும் மூன்று இடங்களைப் பார்த்துவிடலாம்.

ஈரிலக்க எண் ஒன்று. கூற்று ஒன்று: அந்த எண் தன் திருப்பிய எண்ணைவிட 36 பெரியது. கூற்று இரண்டு: பத்தாம் இட இலக்கம் ஒன்றாம் இட இலக்கத்தைவிட 4 பெரியது. இரண்டு கூற்றும் இருப்பதால் விடை வந்துவிடும் என்று தோன்றுகிறதல்லவா? 10அ + ஆ என்பதிலிருந்து 10ஆ + அ என்பதைக் கழித்தால் 9(அ − ஆ). அது 36 என்றால் அ − ஆ = 4. இரண்டாவது கூற்றும் அதையேதான் சொல்கிறது. ஒரே ஆள் சொல்லக் கேட்ட இரண்டு பேர் சாட்சி சொல்வது போன்றது இது. சாட்சி இரண்டு, செய்தி ஒன்று. 40, 51, 62, 73, 84, 95 ஆறும் அப்படியே நிற்கின்றன.

அடுத்தது இதைவிட நுட்பமானது. கூற்று ஒன்று: எண்ணுக்கும் அதன் திருப்பிய எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் 27. கூற்று இரண்டு: இலக்கங்களின் கூட்டுத்தொகை 11. இப்போது செய்திகள் உண்மையிலேயே வேறுவேறு. கூட்டினால் 11, வித்தியாசம் 3, ஆகவே இலக்கங்கள் 7, 4. “74, இரண்டும் சேர்ந்தால் போதும்” என்று எழுதிவிடுவார்கள். ஆனால் எது பெரியது என்று யாரும் சொல்லவில்லை. 47க்கும் இரண்டு கூற்றும் பொருந்தும். இரண்டும் சேர்ந்தாலும் போதாது. ஒரு விடை கிடைத்த மகிழ்ச்சியில் தேடலை நிறுத்துவதால் வரும் பிழை இது. போதுமை என்பது ஒரு விடை இருக்கிறது என்ற செய்தி மட்டுமல்ல. வேறு விடை இல்லை என்ற உறுதியும் அதில் சேர்த்தி. இந்த இரண்டாம் பாதிக்குத்தான் உழைப்பு அதிகம். கணிதத்தின் பெரும்பகுதியும் அந்த உழைப்புத்தான்.

மூன்றாவது, கேள்வியின் வடிவம். “இந்த எண் 9ஆல் வகுபடுமா?” என்று கேட்டு, இலக்கக் கூட்டுத்தொகை 16 என்று ஒரு கூற்று கொடுத்தால், விடை “வகுபடாது”. “இல்லை” என்ற விடையைப் பார்த்ததும் கூற்று போதவில்லை என்று குறித்துவிடுகிறார்கள். அது தவறு. உறுதியான “இல்லை” முழுமையான விடை. “சில நேரம் ஆம், சில நேரம் இல்லை” என்பதுதான் போதாமை. எண் எது என்று நமக்குத் தெரியவே இல்லை என்பதையும் கவனியுங்கள். கேட்டதற்கு விடை சொல்ல அது தேவைப்படவில்லை. அஞ்சல் குறியீட்டு எண்ணில் இதைத் தினமும் பார்க்கிறோம். 1972ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15இல் நடைமுறைக்கு வந்த ஆறு இலக்க முறையில், 643 என்ற தொடக்கம் நீலகிரிக்கு உரியது. கடிதம் எந்த மாவட்டத்துக்கு என்றால் மூன்று இலக்கம் போதும். எந்த அஞ்சலகத்துக்கு என்றால் ஆறும் வேண்டும். தரவு அதேதான், போதுமா போதாதா என்பதைக் கேள்விதான் தீர்மானிக்கிறது.

சுழியத்தைப் பற்றியும் ஒரு சொல். நான்கு இலக்க எண் என்றால் 1000 முதல் 9999 வரை, மொத்தம் 9,000. ஆனால் டி.என். 43 என்று தொடங்கும் ஊட்டி வண்டியின் பலகையில் 0043 என்றும் வரலாம். ஆதார் எண்ணோ சுழியத்திலும் தொடங்காது, ஒன்றிலும் தொடங்காது. கணக்கைத் தொடங்கும் முன் முதல் இலக்கத்துக்கு என்ன விதி என்று கேட்டுக்கொள்வது நல்லது. பல கணக்குகளில் விடை அங்கேதான் மாறுகிறது.

இனி காப்ரேக்கர். 1905இல் இன்றைய மகாராஷ்டிரத்தின் தகாணுவில் பிறந்தவர். 1930 முதல் 1962 வரை நாசிக் அருகே தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்தார். ஆராய்ச்சிப் பட்டமோ பல்கலைக்கழகப் பதவியோ கிடையாது. எண்களின் இலக்கங்களோடு வாழ்நாள் முழுக்கப் பழகினார். அவர் கண்டதை 1949இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில்தான் அறிவித்தார். 1975இல் மார்ட்டின் கார்ட்னர் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் எழுதிய பிறகுதான் உலகம் அவரைப் பரவலாக அறிந்தது. தாமதமான அந்த மரியாதையை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

அவர் சொன்னது இது. நான்கு இலக்க எண் ஒன்றை எடுங்கள். நான்கும் ஒரே இலக்கமாக இருக்கக்கூடாது. இலக்கங்களை இறங்கு வரிசையில் எழுதுங்கள், ஏறு வரிசையில் எழுதுங்கள், பெரியதிலிருந்து சிறியதைக் கழியுங்கள். வந்த எண்ணுக்கும் அதையே செய்யுங்கள். தொட்டபெட்டா சிகரத்தின் உயரமான 2637ஐ எடுப்போம். 7632 − 2367 = 5265. அடுத்து 6552 − 2556 = 3996. பிறகு 9963 − 3699 = 6264. பிறகு 6642 − 2466 = 4176. பிறகு 7641 − 1467 = 6174. மேலும் ஒருமுறை செய்தால் மறுபடி 6174. எந்த எண்ணில் தொடங்கினாலும் அதிகபட்சம் ஏழு படிகளில் 6174 வந்துவிடும். இடையில் மூன்று இலக்கமாகக் குறைந்தால் முன்னால் ஒரு சுழியம் சேர்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இதைத் தரவுப் போதுமைக் கண்ணால் பாருங்கள். நீங்கள் மனத்தில் ஓர் எண்ணை நினைத்துக்கொண்டு ஏழு முறை இதைச் செய்திருக்கிறீர்கள். கையில் இப்போது என்ன எண் என்று நான் சொல்ல எனக்கு எவ்வளவு தரவு வேண்டும்? நீங்கள் நினைத்த எண்ணைப் பற்றி ஒன்றுமே வேண்டாம்.

இது எப்படி நடக்கிறது? இலக்கங்களை இறங்கு வரிசையில் அ, ஆ, இ, ஈ என்று வைத்துக் கழித்துப் பாருங்கள். வருவது 999(அ − ஈ) + 90(ஆ − இ). ஆக, முதல் படிக்கு நான்கு இலக்கங்களும் வேண்டியதில்லை. பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள இடைவெளி ஒன்று, நடுவில் உள்ள இரண்டின் இடைவெளி ஒன்று. இந்த இரண்டும் போதும். 2637க்கு அவை 5, 3. 999ஐ 5ஆல் பெருக்கி 90ஐ 3ஆல் பெருக்கிக் கூட்டினால் 5265. முதல் இடைவெளி 1 முதல் 9 வரை இருக்கலாம். இரண்டாவது, சுழியம் முதல் முதலாவதன் அளவு வரை. எண்ணிப் பார்த்தால் மொத்தம் 54 இணைகள்தான். 0001 முதல் 9998 வரை தகுதியுள்ள 9,990 எண்களும் ஒரே கழித்தலில் 54 எண்களுக்குள் வந்து விழுந்துவிடுகின்றன. அந்த 54ஐயும் தாளில் எழுதிப் பார்த்தால் எல்லாம் 6174ஐ நோக்கி ஓடுவதை ஒரு மாலை நேரத்தில் நீங்களே நிரூபித்துவிடலாம். கணினி வேண்டியதில்லை.

நிறைய தகவலை எறிந்துவிட்டு, தேவையான கொஞ்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு, ஆனாலும் எதையும் இழக்காமல் இருப்பது. புள்ளியியலில் இந்தக் கருத்துக்கே போதுமை என்று பெயர்; 1922இல் ரொனால்டு ஃபிஷர் அதைக் கொண்டுவந்தார். நூறு அளவீடுகளின் பட்டியல் முழுவதையும் சுமக்கத் தேவையில்லாமல், அவற்றின் கூட்டுத்தொகை போன்ற ஒரே எண் போதும் என்று எப்போது சொல்லலாம் என்பதே அவர் கேள்வி. 1945இல் கல்கத்தா கணிதக் கழகத்தின் இதழில் வந்த கட்டுரையில் சி. ஆர். ராவ், எந்த ஒரு தோராய மதிப்பீட்டையும் இந்தப் போதுமான சுருக்கத்தைக் கொண்டு மேம்படுத்தலாம், மோசமாக மட்டும் ஆகாது என்று காட்டினார். இன்று ராவ்–பிளாக்வெல் தேற்றம் என்று உலகமெங்கும் கற்பிக்கிறார்கள்.

ராமானுஜனின் 1729ஐயும் இலக்கங்கள் வழியாக ஒருமுறை பார்க்கத்தான் வேண்டும். வாடகைக் கார் கதையும் இரண்டு கன எண்களின் கூட்டலும் எல்லோருக்கும் தெரியும். இது வேறு. 1729இன் இலக்கக் கூட்டுத்தொகை 19. அதைத் திருப்பினால் 91. 19ஐ 91ஆல் பெருக்கினால் 1729. தன் இலக்கக் கூட்டுத்தொகையை, அதன் திருப்பிய எண்ணால் பெருக்கினால் தானே கிடைக்கும் எண்கள் மொத்தமே நான்கு: 1, 81, 1458, 1729. இப்போது ஒரு கணக்கு. இந்தப் பண்புள்ள எண்ணை நான் நினைத்திருக்கிறேன். கூற்று ஒன்று: அது ஒற்றைப்படை எண். கூற்று இரண்டு: அது நான்கு இலக்க எண். ஒற்றைப்படை என்றால் மூன்று மிஞ்சும். நான்கு இலக்கம் என்றால் இரண்டு மிஞ்சும். இரண்டும் சேர்ந்தால்தான் 1729.

வேண்டுமென்றே கூடுதல் தரவைச் சேர்த்து வைப்பதும் உண்டு. ஆதார் எண்ணின் பன்னிரண்டு இலக்கங்களில் கடைசி ஒன்று, முன்னுள்ள பதினொன்றிலிருந்து கணக்கிட்டு வைத்தது. 1969இல் டச்சுக் கணிதர் யாக்கோபஸ் வெர்ஹூஃப் தந்த முறை அது. ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை இடம் மாற்றி எழுதினாலும் அது கண்டிப்பாகப் பிடித்துவிடும். அட்டையில் ஏதோ ஓர் இலக்கம் மட்டும் மழையில் அழிந்தால், மீதிப் பதினொன்றும் அதை மீட்கப் போதும். இரண்டு அழிந்தால் போதாது. பத்து எண்கள் வரை போட்டிக்கு நிற்கும். முதல் எட்டு இலக்கங்களை மறைத்து அச்சிடும் ஆதாரில் போதாமையே நம் பாதுகாப்பு. கடைசி நான்கைப் பார்த்தவர் முன் இன்னும் 80 லட்சம் எண்கள் நிற்கின்றன: முதல் இலக்கத்துக்கு எட்டு வாய்ப்பு, அடுத்த ஆறுக்கும் பத்துப் பத்து வாய்ப்பு, எட்டாவதைச் சரிபார்ப்பு இலக்கமே முடிவு செய்துவிடும்.

நாளிதழில் வரும் சுடோகு கட்டமும் இதே கேள்விதான். 81 கட்டங்களில் குறைந்தது எத்தனை இலக்கம் கொடுத்தால் ஒரே ஒரு விடை மட்டும் வரும்? 17 கொடுத்து ஒரே விடை வரும் கட்டங்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருந்தன. 16 போதுமா என்பது நெடுநாள் தெரியாமல் இருந்தது. 2012 தொடக்கத்தில் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் கேரி மெக்கைரும் அவர் குழுவினரும், ஏறத்தாழ 70 லட்சம் மணி நேரக் கணினி உழைப்புக்குப் பிறகு, 16 எங்குமே போதாது என்று காட்டினார்கள். விடையைக் கண்டுபிடிப்பதைவிட, இதற்குக் குறைந்தால் ஒரே விடை கிடைக்காது என்று சொல்வதற்குத்தான் இவ்வளவு பாடு.

கணித ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் பாடநூல்களில் ஏறக்குறைய எல்லாக் கணக்கும் தேவையான தரவை மிகச்சரியாக அளந்து கொடுத்துவிடுகிறது. குறையவும் குறையாது, கூடவும் கூடாது. அதனால் கொடுத்த எண்கள் அத்தனையையும் ஏதாவது செய்தால் விடை வரும் என்று பிள்ளைகள் பழகிவிடுகிறார்கள். வாரத்துக்கு ஒரு கணக்காவது தரவு குறைவாகவோ கூடுதலாகவோ கொடுங்கள். “இதற்கு விடை சொல்ல முடியாது, ஏனென்றால் 47க்கும் பொருந்துகிறது, 74க்கும் பொருந்துகிறது” என்று ஒரு பிள்ளை எழுதினால் முழு மதிப்பெண் போடுங்கள்.